பிராண்டுக்கும் வில்லங்கம் உண்டு: அரிசி மில் கம்பெனி வாங்கப் போகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் நீடாமங்கலம் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலைக் கம்பெனியை விலை பேசிக்கொண்டிருக்கிறார். பிரைவேட் லிமிடெட். மில், குடோன், டிரையர், லாரி எல்லாம் சேர்த்து ஒரு விலை, அதற்கு மேல் பிராண்டுக்கு என்று தனியாக ஒன்றரைக் கோடி. கணக்கை ஆடிட்டர் பார்த்துவிட்டார், நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று. "மூட்டையில் வட்டத்துக்குள் ஆர், அதாவது பதிவான டிரேட்மார்க் என்ற அடையாளம், போட்டிருக்கிறது, சர்ட்டிபிகேட் ஜெராக்ஸும் கொடுத்தார்கள், பிராண்டு விஷயத்தில் இதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்.

நிறைய இருக்கிறது. நம் பக்கத்தில் கால் மா நிலம் வாங்கினாலும் மூலப்பத்திரம் எங்கே, பட்டா யார் பேரில், அக்கா தங்கை கையெழுத்துப் போட்டார்களா, பேங்கில் அடமானம் கிடக்கிறதா என்று நாலு பேரிடம் விசாரிப்போம். அதே ஆள் ஒன்றரைக் கோடி கொடுத்து ஒரு பெயரை வாங்கும்போது ஒரு ஜெராக்ஸைப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலையாட்டிவிடுகிறார். இருபது வருடமாக டிரேட்மார்க், கம்பெனி வேலைகளில் இருக்கிறேன். நான் பார்த்தவரை பிராண்டுக்குச் சிக்கல் போட்டிக் கம்பெனியிடமிருந்து வருவது குறைவு. அந்தக் குடும்பத்தின் ஆட்களிடமிருந்து, அல்லது அந்தக் கம்பெனியைவிட்டு எப்போதோ வெளியே போனவர்களிடமிருந்துதான் அதிகம் வருகிறது. அதனால் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தேடுங்கள்.

பெரிய ஆட்களே கோட்டைவிட்ட கதை ஒன்று உண்டு. 1998-ல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி விக்கர்ஸிடமிருந்து ரோல்ஸ் ராய்ஸ் கார் கம்பெனியை 43 கோடி பவுண்டுக்கு வாங்கியது. இங்கிலாந்தில் இருந்த தொழிற்சாலை வந்தது, பென்ட்லி வந்தது, காரின் மூக்கில் நிற்கும் அந்தப் பெண் சிலை வடிவம்கூட வந்தது. 'ரோல்ஸ் ராய்ஸ்' என்ற பெயர் மட்டும் வரவில்லை, ஏனென்றால் அது விமான எஞ்சின் செய்யும் வேறொரு கம்பெனியின் கையில் இருந்தது. அவர்கள் அந்தப் பெயரை 4 கோடி பவுண்டுக்கு பிஎம்டபிள்யூவுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2003-லிருந்து ரோல்ஸ் ராய்ஸ் கார் செய்வது பிஎம்டபிள்யூதான். வீட்டை வாங்கியவருக்கு வாசல்படி அடுத்தவர் பட்டாவில் இருந்த கதை.

சரி, நீடாமங்கலத்துக்கு வருவோம். முதல் வேலைக்கு வக்கீல் வேண்டாம், செலவும் இல்லை. இந்திய அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையதளத்தில் பொதுத் தேடல் இருக்கிறது, அங்கே சர்ட்டிபிகேட்டில் உள்ள விண்ணப்ப எண்ணைப் போட்டால் பதிவேட்டின் பக்கம் அப்படியே வரும். ஜெராக்ஸ் என்பது பதிவான அன்றைக்கு எடுத்த போட்டோ, இன்றைய நிலைமை பதிவேட்டில்தான் இருக்கும். 'பதிவானது' என்று இருக்கிறதா, 'ஆட்சேபணை', 'எதிர்ப்பு', 'கைவிடப்பட்டது', 'நீக்கப்பட்டது' என்று இருக்கிறதா பாருங்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் கூடுதல் கட்டணத்தோடு ஆறு மாதம் கெடு, அதுவும் போனால் நீக்கம்தான். ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு சரக்கு வகைக்கு, 9,000 ரூபாய் கட்ட மறந்து, அதற்குள் வேறொருவர் அதே பெயரில் விண்ணப்பம் போட்டுவிட்ட கதைகள் உண்டு. விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டு வட்டத்துக்குள் ஆர் அச்சடிக்கிற மில்லும் உண்டு. பதிவாகாமல் அதைப் போடுவது சட்டப்படி தவறு.

அடுத்து, உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது? இங்கேதான் நம் ஊர்க் கம்பெனிகளில் பாதி மாட்டும்.

சில வருடங்களுக்கு முன் இதே திருவாரூர் மாவட்டத்தில் ஒரு மில். கம்பெனி இரண்டு அண்ணன் தம்பி நடத்துவது, கணக்கு சுத்தம், மூட்டையில் அவர்கள் அப்பாவின் பெயரும் ஒரு நெற்கதிர்ப் படமும். பதிவேட்டைத் திறந்தால் உரிமையாளர் கம்பெனி இல்லை. 2003-ல் அப்பா தன் சொந்தப் பெயரில், பழைய மண்டி முகவரியில் பதிவு செய்திருக்கிறார். அப்புறம் 2009-ல் பையன்கள் பிரைவேட் லிமிடெட் ஆரம்பித்து அதே பெயரை மூட்டையில் போட்டுக்கொண்டார்கள், எழுத்தில் ஒன்றும் இல்லை. அப்பா 2014-ல் உயிலில்லாமல் இறந்துவிட்டார். அப்படியென்றால் அந்தப் பெயர் கம்பெனியுடையதும் இல்லை, அண்ணன் தம்பியுடையது மட்டும் என்றும் சொல்ல முடியாது. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள், அவருடைய அம்மா, ஆக ஆறு பங்கு. அம்மா என்றதும் எல்லோரும் முழித்தார்கள். அந்தப் பாட்டி வலங்கைமானில் உயிரோடு இருந்தார், தொண்ணூறு தாண்டியவர். மகள்களில் ஒருவர் கோலாலம்பூரில்.

வாங்குகிறவர் அவசரப்பட்டு ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தார். வாரிசுச் சான்று, மலேசியாவிலிருந்து தூதரகத்தில் அத்தாட்சி செய்த பவர், எல்லாம் வந்து சேர நாலு மாதம். கடைசியாகப் பாட்டியிடம் போனோம். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். பத்திரத்தைப் படித்துச் சொன்னதும் உரலை நிறுத்திவிட்டு, "எம் புள்ள பேரையா விக்கப் போறீங்க?" என்று கேட்டார். பேரன்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கைநாட்டு வைத்தார், ஆனால் அன்றைக்கு இல்லை, அடுத்த வாரம். அந்த ஒரு வாரத்தில் வாங்குகிறவர் எனக்கு எத்தனை போன் போட்டார் என்று எண்ணவில்லை.

உங்கள் மில்லிலும் கம்பெனிக்கு முன்னால் ஒரு பார்ட்னர்ஷிப் இருந்ததாகச் சொல்கிறீர்கள், அப்பாவும் சித்தப்பாவும். அப்படியானால் பார்ட்னர்ஷிப் கலைத்த பத்திரத்தைக் கேளுங்கள். 1932-ன் கூட்டாண்மைச் சட்டப்படி குட்வில்லும், அதாவது தொழில் சம்பாதித்த நல்ல பெயரும், நிறுவனத்தின் சொத்துதான், மில்லைப் பிரித்துக்கொள்ளும்போது அதையும் பிரித்திருக்க வேண்டும். நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்றால் மிஷின் உனக்கு, குடோன் எனக்கு, கடன் பாதிப்பாதி என்று வெள்ளைத்தாளில் எழுதிப் பங்காளிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள். பெயரைப் பற்றி ஒரு வரி இருக்காது. சித்தப்பா மகன் ஒருநாள் மன்னார்குடியில் அதே பெயரில் 'ஒரிஜினல்' என்று சேர்த்து மூட்டை இறக்கினால் தடுக்க உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் அந்தப் பத்திரம் சொல்ல வேண்டும். பத்திரம் இல்லையா, சித்தப்பா குடும்பத்திடமிருந்து இப்போதே ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கச் சொல்லுங்கள். விற்கிறவர் தயங்கினால் அந்தத் தயக்கத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எப்படி வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் இது மாறும். பங்குகளை வாங்கினால் கம்பெனி அப்படியே இருக்கும், அதன் பெயரில் இருக்கும் டிரேட்மார்க் அங்கேயே இருக்கும், முதலாளி மட்டும் மாறுவார். ஆனால் கம்பெனி பெயரில் இல்லாத டிரேட்மார்க்கை எத்தனை பங்கு வாங்கினாலும் நீங்கள் வாங்கியதாகாது. தொழிலை மட்டும் வாங்கினால் டிரேட்மார்க்குக்குத் தனியாக உரிமை மாற்றப் பத்திரம் எழுதி, டிஎம்-பி படிவம் போட்டுப் பதிவேட்டில் உங்கள் பெயரை ஏற்ற வேண்டும், பட்டா மாற்றுவது மாதிரி. பத்திரத்தில் 'தொழிலின் குட்வில்லோடு சேர்த்து' என்ற வார்த்தை இருக்கட்டும். அது இல்லாமல் பெயரை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்துக்குள் பதிவாளரிடம் போய் அவர் சொல்கிறபடி விளம்பரம் கொடுக்க வேண்டும் என்று 1999 சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது, பலர் இதைக் கவனிப்பதே இல்லை. உங்கள் கம்பெனியோடு இணைப்பதென்றால் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாய உத்தரவிலோ, சின்னக் கம்பெனிகளுக்கான குறுக்கு வழியிலோ எல்லாச் சொத்தும் மாறும், ஆனாலும் பதிவேட்டில் பெயர் தானாக மாறாது, நாம்தான் எழுதிப் போட வேண்டும்.

பதிவு ஆகியிருக்கிறது, கம்பெனி பெயரில்தான் இருக்கிறது என்றே வையுங்கள். எதைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வார்த்தையையா, படத்தோடு சேர்ந்த லேபிளையா? லேபிள் என்றால் பெரும்பாலும் கீழே சில வார்த்தைகளின் மேல் தனி உரிமை கிடையாது என்று ஒரு நிபந்தனை இருக்கும். 'பொன்னி', 'சம்பா', 'டீலக்ஸ்' எல்லாம் அதில் வந்துவிடும். பொன்னி என்பது ரகத்தின் பெயர், அதை யாரும் வேலி போட முடியாது. சாமி பெயர் வைத்த பிராண்டுக்கு நான் எப்போதும் விலையைக் குறைத்துத்தான் மதிப்பேன். ஒரே அம்மன் பெயரில் டெல்டாவுக்குள்ளேயே பத்து மில் இருக்கும், ஒருவர் இன்னொருவரைத் தடுப்பது கஷ்டம். 'ராமாயண்' என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியாகப் பதிந்துகொள்ள முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஊர்ப் பெயரும் அப்படித்தான். கும்பகோணம் டிகிரி காபி என்று நெடுஞ்சாலையெல்லாம் போர்டு தொங்குகிறதே, அதில் யார் யாரை நிறுத்த முடிந்தது?

இன்னொன்று, சின்ன விஷயம். மூட்டையில் 'சார்ட்டெக்ஸ் அரிசி' என்று அச்சடித்திருக்கிறார்களா? நாம் எல்லோரும் கல், கருப்பு நீக்கிய அரிசிக்கு அந்தப் பெயரைச் சொல்கிறோம், ஆனால் சார்ட்டெக்ஸ் என்பது பூலர் கம்பெனியின் மிஷினுடைய பிராண்டு. வேறு கம்பெனி கலர் சார்ட்டரை வைத்துக்கொண்டு அந்தப் பெயரை மூட்டையில் போடுவது அடுத்தவர் மார்க்கை எடுத்துப் போடுவதுதான். யாரும் கேட்கவில்லை என்பது வேறு. நீங்கள் வாங்கிப் பெரிசாக்கி சூப்பர் மார்க்கெட்டில் நுழையும்போது கேட்பார்கள். அடுத்த அச்சில் எடுத்துவிடுங்கள்.

இனி சொல்லப்போவது அரிசிக்கே உரிய வில்லங்கம், வெளியூர் வக்கீல்கள் பலருக்கு இது தோன்றாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, பதிவு செய்த பிராண்டுப் பெயர் போட்டுப் பொட்டலம் கட்டிய அரிசிக்கு 5 சதவீதம் வரி, மற்றதுக்கு இல்லை என்றார்கள். அரிசியில் 5 சதவீதம் என்பது மில்லுக்கு உயிர் போகிற விஷயம். பலர் பதிவையே வேண்டாம் என்று ஒப்படைத்துவிட்டார்கள். அரசு சும்மா இருக்குமா, அந்த செப்டம்பரிலேயே விதியை மாற்றியது. 2017 மே 15 அன்று பதிவில் இருந்த பிராண்டு பிறகு ரத்தானாலும் பதிவானதாகவே கணக்கு. பதிவு இல்லாத பெயராக இருந்தாலும் கோர்ட்டில் உரிமை கோரக்கூடியதாக இருந்தால் அதற்கும் வரி. வரி வேண்டாமென்றால், இந்தப் பெயரின் மேல் எனக்குள்ள உரிமையை நானாகக் கைவிடுகிறேன் என்று வரி ஆணையரிடம் அஃபிடவிட் கொடுத்து, அதை மூட்டையிலும் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அழியாத மையில் அச்சடிக்க வேண்டும்.

புரிகிறதா? 2017 செப்டம்பருக்கும் 2022 ஜூலைக்கும் நடுவில் இந்த மில் வரி கட்டாமல் பெயர் போட்ட மூட்டை விற்றிருந்தால், ஒன்று அந்த அஃபிடவிட் கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வரி பாக்கி இருக்க வேண்டும். அதாவது இன்றைக்கு உங்களிடம் ஒன்றரைக் கோடி கேட்கிற அதே பெயரைப் பற்றி, இதில் எனக்கு உரிமை வேண்டாம் என்று நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கலாம்! அந்த அஃபிடவிட் வரிக்காகக் கொடுத்தது, அதனால் பெயரின் மேலிருந்த உரிமை எல்லாருக்கும் எதிராகப் போய்விட்டதா என்பது வாதம் செய்யக்கூடிய விஷயம். போய்விடவில்லை என்று நான் வாதாடுவேன். ஆனால் நாளைக்கு நீங்கள் ஒரு போலி மூட்டைக்காரன் மேல் கேஸ் போட்டால், அவன் வக்கீல் முதலில் நீட்டப்போகும் காகிதம் அதுதான். 2022 ஜூலை 18 முதல் கதை மாறி, பிராண்டு இருக்கிறதா இல்லையா என்பது போய், லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான சிப்பத்துக்கு வரி என்று ஆனது. அப்புறம்தான் 26 கிலோ சிப்பம் வந்தது, அது உங்களுக்கே தெரியும். ஆக விற்கிறவரிடம் அந்த ஐந்து வருடத்து ஜிஎஸ்டி ரிட்டர்ன், அஃபிடவிட் நகல், ஒரு பழைய காலி மூட்டை மூன்றையும் கேளுங்கள். காலி மூட்டை எந்தக் குடோனிலும் ஒன்று கிடக்கும். அதன் ஓரத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

மாப்பிள்ளைச் சம்பா கஞ்சி மிக்ஸுக்கு 'பேட்டன்ட் இருக்கிறது' என்று சொல்லி அதற்கும் சேர்த்து விலை சொல்வதாக எழுதியிருந்தீர்கள். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு அது பேட்டன்ட்டாக இருக்காது, விண்ணப்ப எண்ணாக இருக்கும். அதிலும் தற்காலிக விவரணத்தை மட்டும் தாக்கல் செய்துவிட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரணம் கொடுக்காமல் விட்டிருந்தால் அந்த விண்ணப்பம் செத்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும், டப்பாவில் மட்டும் 'பேட்டன்ட் நிலுவையில்' என்று உயிரோடு இருக்கும். முழுதாகப் போட்டிருந்தாலும் பாரம்பரிய அறிவு, சாமான்களை வெறுமனே கலப்பது இரண்டுக்கும் 1970 சட்டத்தின் 3-ஆம் பிரிவு கதவைச் சாத்திவிடும். மாப்பிள்ளைச் சம்பாவையும் பாசிப்பருப்பையும் வறுத்து அரைப்பதற்கு நம் ஆத்தாக்களைத் தாண்டி யார் உரிமை கொண்டாட முடியும்? தவிர, இங்குள்ள உயிரியல் வளத்தை வைத்து வாங்கும் பேட்டன்ட்டுக்குச் சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் சம்பந்தமும் உண்டு, அந்தக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் மேலும் கீழும் பார்ப்பார்கள்.

நிஜமாகவே பேட்டன்ட் கிடைத்திருந்தால் யார் யார் பெயரில் என்று பாருங்கள். பையன் படித்த கல்லூரியின் பேராசிரியர் பெயரும் சேர்ந்திருப்பது சகஜம். கூட்டு உரிமையாளர் சம்மதம் இல்லாமல் இவர் தன் பங்கையோ லைசென்ஸையோ உங்களுக்குக் கொடுக்க முடியாது. தஞ்சாவூரில் இருக்கும் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் மாதிரி அரசு நிறுவனத்திடமிருந்து தொழில்நுட்பம் வாங்கியதாகச் சொன்னால் அந்த ஒப்பந்தத்தில் இரண்டு வரியைத் தேடுங்கள்: இவருக்கு மட்டும் கொடுத்ததா, வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்கலாமா. நெல் ரகமும் இதே கதைதான். 'எங்கள் கம்பெனி ரகம்' என்று ஒரு சன்ன ரகத்தைச் சொன்னால், பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 1922-லிருந்து ஆடுதுறையில் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது, ஆடுதுறை 43-ம் 45-ம் இல்லாத வயல் இல்லை, அதிலிருந்து பொறுக்கிய விதைக்குப் பெயர் வைத்துவிட்டால் ரகம் சொந்தமாகிவிடாது.

மூட்டையின் படம் யார் வரைந்தது? இதைக் கேட்டால் விற்கிறவர் சிரிப்பார். ஆனால் 1957-ன் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக வரைந்தால்தான் பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். வெளியில் ஒரு டிசைனரிடம் 3,000 ரூபாய் கொடுத்து வரைய வைத்ததென்றால், எழுத்தில் வாங்காதவரை சண்டைக்கு இடம் இருக்கிறது. எழுத்தில் வாங்கியிருந்தாலும், எத்தனை வருடத்துக்கு என்று போடவில்லையென்றால் சட்டம் 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும், எந்தப் பகுதிக்கு என்று போடவில்லையென்றால் இந்தியா மட்டும். நீங்கள் சிங்கப்பூருக்கு மூட்டை அனுப்பப்போகிறவர் என்பதால் சொல்கிறேன். டிசைனர் கும்பகோணத்திலேயே கடை வைத்திருந்தால் இன்றைக்கே ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம், அவருக்கும் ஒரு தொகை கிடைக்கும். நீங்கள் வாங்கிய சேதி பரவினபிறகு போனால் தொகையில் ஒரு சைபர் கூடும்.

ஏற்றுமதி என்றதும் இதையும் பாருங்கள். அங்கே அந்தப் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது? துபாயிலோ மலேசியாவிலோ இருக்கும் இறக்குமதியாளர், உங்களுக்காகத்தான் செய்கிறேன் என்று சொல்லித் தன் பெயரில் பதிந்து வைத்திருப்பார். நல்லவராகவே இருக்கட்டும், ஆனால் நாளை வேறு ஏஜென்ட்டை நீங்கள் போட்டால் சரக்கு துறைமுகத்தில் நிற்கும். இந்திய டிரேட்மார்க் இந்தியாவோடு சரி. மாஸா விவகாரம் நினைவிருக்கும்: 1993-ல் இந்திய உரிமையை கோகோ கோலாவுக்கு விற்ற பிஸ்லெரி தரப்புக்கும் கோகோ கோலாவுக்கும், துருக்கியில் அதே பெயரைப் பதிவது பற்றி 2008-ல் தகராறு வந்து, டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. எந்தெந்த நாடு என்று ஒப்பந்தத்தில் பேர் சொல்லி எழுதுங்கள். 2013-லிருந்து மாட்ரிட் முறையில் இந்தியாவும் இருப்பதால், இங்கிருந்தே ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் காகிதம். அந்த மில்லில் உண்மையான சொத்து எது தெரியுமா? ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்குப் போய் ஊறல் தொட்டிப் பக்கம் நில்லுங்கள். எந்த நெல்லுக்கு எத்தனை மணி நேரம் ஊறல், எவ்வளவு நேரம் ஆவி, டிரையரில் எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அங்கே இருக்கும் போர்மன் ஒருவர் தலைக்குள் இருக்கும். தொட்டியிலிருந்து நாலு நெல்லை எடுத்து நகத்தால் உரித்து, நடுவில் வெள்ளைப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "இன்னும் அரை மணி விடு" என்பார். அந்த அரை மணிதான் உங்கள் பிராண்டு. சோறு குழையாமல் வருகிறது என்றுதான் கடைக்காரர் அந்த மூட்டையைத் திரும்பக் கேட்கிறார், மூட்டையில் இருக்கும் படத்துக்காக இல்லை.

இந்த மாதிரி தொழில் ரகசியத்துக்கு நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை, ஒப்பந்தம்தான் துணை. அந்த போர்மனிடம் போட்டி மில்லில் சேரமாட்டேன் என்று எழுதி வாங்கிவிடலாமே என்று நினைப்பீர்கள். வேலையைவிட்டுப் போனபிறகும் கட்டுப்படுத்துகிற அப்படிப்பட்ட ஒப்பந்தம் 1872-ன் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவுப்படி செல்லாது. ரகசியத்தை வெளியே சொல்லாதே என்று கட்டுப்படுத்தலாம், வயிற்றுப் பிழைப்பைத் தடுக்க முடியாது. ஆனால் விற்கிறவர் விஷயம் வேறு. குட்வில்லை விற்பவர், நியாயமான எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தால் அது செல்லும், அதே பிரிவே அந்த விலக்கைக் கொடுக்கிறது. ஆகவே விற்கிறவர்கள் எல்லோரிடமும், முடிந்தால் அவர்கள் பிள்ளைகளிடமும், எந்தெந்த மாவட்டம், எத்தனை வருடம் என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். உலகம் முழுக்க, வாழ்நாள் முழுக்க என்று எழுதினால் கோர்ட்டில் நிற்காது. போர்மனுக்குச் சம்பளத்தை ஏற்றுங்கள், அவ்வளவுதான் வழி. அவருக்குக் கீழே ஒரு பையனைப் போட்டு நேரங்களை நோட்டில் எழுதவைப்பது இரண்டாவது வழி, அதையும் அவர் மனம் கோணாமல் செய்யவேண்டும்.

மற்றவை வேகமாக. கம்பெனி பதிவாளர் தளத்தில் அடமானப் பட்டியலைப் பாருங்கள். மிஷினுக்கு மட்டுமில்லை, டிரேட்மார்க்குக்கும் பேங்க் பாத்தியதை போட்டிருக்கலாம், பேங்க் அடமானங்களைப் பதிகிற மத்தியப் பதிவேடான செர்சாயிலும் ஒரு தேடல் போடுங்கள். கோர்ட் வழக்கு, கொடுத்த நோட்டீஸ், வாங்கிய நோட்டீஸ் எல்லாம் கேளுங்கள். வெப்சைட் பெயர் பெரும்பாலும் பையனின் நண்பன் ஜிமெயிலில் இருக்கும், வாட்ஸ்அப் ஆர்டர் நம்பர் அக்கவுண்டன்டின் சொந்த சிம்மில் இருக்கும். இரண்டும் கைமாறாமல் பணம் கைமாறக் கூடாது. புவிசார் குறியீடு போட்ட சரக்கு எதையாவது சேர்த்து விற்பதாகச் சொன்னால், அந்தக் குறியீட்டை யாரும் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நாச்சியார்கோவில் குத்துவிளக்கோ சுவாமிமலைச் சிலையோ, எதுவானாலும் அப்படித்தான். 1994-லிருந்து பெயர் புழக்கத்தில் இருக்கிறது என்று சொன்னால் பழைய பில், மூட்டை அச்சடித்த பிரஸ் பில், விளம்பரம் ஏதாவது கேளுங்கள். முந்தி உபயோகித்தவன் என்று நிரூபிக்க அந்தக் கரையான் அரித்த காகிதம்தான் பதிவைவிடப் பல சமயம் உதவும்.

விலையைப் பற்றி. ஒன்றரைக் கோடி நியாயமா என்று கேட்டிருந்தீர்கள், மேலே சொன்னதெல்லாம் வராமல் பதில் சொல்ல முடியாது. ஆனால் கொடுக்கும் முறையைச் சொல்கிறேன். பிராண்டுப் பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். ஒரு பாதி பத்திரத்தன்று, மீதி பதிவேட்டில் பெயர் ஏறினபிறகு. அஃபிடவிட், வாரிசு, சித்தப்பா தரப்பு இதிலெல்லாம் பிறகு ஏதாவது வந்தால் விற்றவர்தான் பொறுப்பு என்றும், அதற்காக ஒரு தொகையை இரண்டு வருடம் பிடித்துவைப்பது என்றும் எழுதுங்கள். பங்காக வாங்காமல் தொழிலாக வாங்கினால், பத்திரத்தில் 'குட்வில்' என்று மொத்தமாகப் போடாமல் டிரேட்மார்க்குக்கு எவ்வளவு, தொழில் நுணுக்கத்துக்கு எவ்வளவு என்று நியாயமாகப் பிரித்துப் போடச் சொல்லி ஆடிட்டரிடம் பேசுங்கள். 2021 நிதிச் சட்டத்துக்குப் பிறகு குட்வில்லுக்கு வருமான வரியில் தேய்மானம் கிடையாது, மற்ற இரண்டுக்கும் உண்டு.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. சர்ட்டிபிகேட்டில் இருக்கும் ஏழு இலக்க எண்ணை எனக்கு அனுப்புங்கள், சாயந்திரத்துக்குள் பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன். இன்னொன்று, விற்கிறவர் வீட்டுக்குக் காபி சாப்பிடப் போகும்போது அவர்களுக்குக் கூடப்பிறந்த பெண்கள் எத்தனை பேர், எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், பாட்டி இருக்கிறாரா என்று சாதாரணமாக விசாரித்துவிட்டு வாருங்கள். அது தெரியும்வரை டோக்கன் அட்வான்ஸ் என்று பத்தாயிரம்கூடக் கொடுக்க வேண்டாம்.